வாலட் வளர வேண்டுமா? ஏஜென்ட்டின் கல்லாவைக் கவனியுங்கள்
போனில் பணம் வைத்து அனுப்பும் வாலட்டை ஆரம்பித்தால், டவுன்லோடு எத்தனை என்று முதலீட்டாளர் கேட்பார். சொல்லிவிட்டு மறந்துவிடுங்கள். ரொக்கம் வாங்கி வாலட்டில் ஏற்றும், கேட்டால் ரொக்கமாகத் திருப்பித் தரும் ஏஜென்ட்டுகளோடு மாரடிப்பதே என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன்: கேட்ட நேரத்தில் நோட்டு கைக்கு வந்தால்தான் ஜனங்கள் வாலட்டை நம்புவார்கள்.

முதலில் ஒரே ஒரு தேவையைப் பிடியுங்கள். கென்யாவில் எம்-பெசா என்ற போன்வழிப் பணச் சேவையைச் சிறுகடன் தவணை கட்டத்தான் சோதித்தார்கள். ஜனங்களோ ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொண்டார்கள். 2007-ல் சஃபாரிகாம் என்ற செல்போன் நிறுவனம் அதையே முன்வைத்து வெளியிட்டது. பட்டன் போனிலும் ஓடியது.

அடுத்து ஏஜென்ட். அவரிடம் இரண்டு இருப்பு: போனில் மின்பணம், கல்லாவில் ரொக்கம். வாடிக்கையாளர் பணம் போட்டால் ரொக்கம் ஏறும், மின்பணம் இறங்கும், எடுத்தால் தலைகீழ். சம்பாதிக்கும் ஊரில் போடுவார்கள், குடும்பம் இருக்கும் ஊரில் எடுப்பார்கள். ஆகவே நகரத்தில் மின்பணம் தீரும், கிராமத்தில் ரொக்கம் தீரும். காலையில் நான் முதலில் திறப்பது யாரிடம் எது தீரப்போகிறது என்ற ரிப்போர்ட்டைத்தான். ரொக்கம் கொண்டுபோய்க் கொடுக்க மொத்த ஏஜென்ட் ஒருவரைப் பக்கத்திலேயே வையுங்கள். சம்பள நாளுக்கு முந்தின நாளே அவர் கிளம்ப வேண்டும்.

கமிஷனை உடனுக்குடன் கொடுங்கள். ஒரே தொகையைத் துண்டு துண்டாகப் போட்டுக் கமிஷன் பார்க்கும் கில்லாடிகளும் உண்டு! ஒரே நம்பருக்கு நிமிட இடைவெளியில் வரும் சின்னத் தொகைகள் காட்டிக்கொடுத்துவிடும்.

கேஷ்பேக்கா? அதற்காக வருகிறவர் அது நின்றதும் போய்விடுவார். வாடிக்கையாளர் பணம் வங்கியில் தனிக் கணக்கில் இருக்கட்டும். சம்பளம் போட முடியாத மாதத்திலும் அதில் கை வைக்காதீர்கள்.