ஸ்காட்லாந்து சமூக வரலாறு ஆராய்ச்சி: கருத்தரங்கு, உதவித்தொகை, ஆர்க்கைவ் எல்லாத்துக்கும் எங்க ஆரம்பிக்கணும்?

ஸ்காட்லாந்து வரலாறுன்னு சொன்னா நிறைய பேருக்கு கோட்டை, ராஜா, போர்க்களம் இதுதான் ஞாபகம் வரும். சமூக வரலாறுங்கிறது வேற. டண்டி சணல் மில்லுல வேலை பாத்த பொண்ணுங்க எப்படி வாழ்ந்தாங்க, கிளாஸ்கோவுல ஒத்த ரூம்ல எத்தனை பேர் படுத்தாங்க, சதர்லாண்ட்ல நிலத்த விட்டுத் துரத்தப்பட்ட குடும்பம் எங்க போச்சு, இந்த மாதிரி கேள்விங்கதான் இங்க. எம்.ஏ. முடிச்சவங்க, பிஎச்டி யோசிச்சுட்டு இருக்கவங்க, வேற வேலை பாத்துக்கிட்டே சொந்த ஆர்வத்துல படிக்கிறவங்க, எல்லாருக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நிறைய பேர் ஸ்காலர்ஷிப் லிஸ்ட்ட தேடுறதுல ஆரம்பிக்கிறாங்க, அதுதான் பெரிய கஷ்டமே. முதல்ல ஒரு ஊரு, ஒரு ஆவணம், ஒரு கேள்வி கைல வேணும். அது இருந்தா கருத்தரங்குக்கு என்ன எழுதறது, பணம் கேட்டு என்ன எழுதறது, ஆர்க்கைவ்ல, அதாவது ஆவணக் காப்பகத்துல போய் எந்த ஃபைல கேக்கறதுன்னு எல்லாம் தானா தெளிவாயிடும்.

படி 1: கேள்விய சின்னதாக்குங்க

"ஸ்காட்லாந்து பெண் தொழிலாளர்கள்"னு எடுத்தா பத்து பேர் ஆயுசு முழுக்க உக்காந்தாலும் முடியாது. அதே விஷயத்த இப்படிச் சுருக்கிப் பாருங்க: டண்டில லோக்கின்னு ஒரு பகுதி, அங்க காக்ஸ் பிரதர்ஸோட கேம்பர்டவுன் ஒர்க்ஸ்னு மிகப் பெரிய சணல் ஆலை இருந்துச்சு, சணல் வந்தது வங்காளத்துலேர்ந்து, வேலைக்கு வந்தவங்கள்ல நிறைய பேர் அயர்லாந்துக்காரங்க, அதனால அந்த ஏரியாவுக்கே லிட்டில் டிப்பரரின்னு பேரு (டிப்பரரி அயர்லாந்துல ஒரு ஊரு). 1881 சென்சஸ்ல அங்க ஒரே ஒரு தெருவ மட்டும் எடுங்க. வீடு வீடா பேரு, வயசு, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, தொழில், பிறந்த ஊரு எல்லாம் இருக்கும், அதோட ஜன்னல் வச்ச ரூம் எத்தனைன்னும் 1861லேர்ந்து ஸ்காட்லாந்து சென்சஸ்ல கேட்டு எழுதிருக்காங்க. ஒரு ஜன்னல் ரூம்ல எட்டு பேர் இருந்தா அந்தத் தெரு எப்படி இருந்திருக்கும்னு அந்த ஒரு நம்பர்லயே தெரிஞ்சிரும். டண்டில பொம்பளைங்க சம்பாதிக்க, வேலை கிடைக்காத ஆம்பளைங்கள கெட்டில்பாய்லர்னு, அதாவது வீட்டுல உக்காந்து கெட்டில்ல தண்ணி காய வைக்கிறவங்கன்னு கூப்பிட்டாங்க, அந்தப் பேச்சு எந்த அளவுக்கு உண்மைன்னு ஒரு தெருவ வச்சே சோதிச்சுப் பாக்கலாம். இது ஒரு நல்ல எம்.ஏ. ஆய்வுக்கே போதும்.

படி 2: வீட்டுலேர்ந்தே பாக்குற ஆவணங்கள்

விமான டிக்கெட் எல்லாம் அப்புறம். முதல்ல ஸ்டாட்டிஸ்டிகல் அக்கவுன்ட்ஸ் ஆஃப் ஸ்காட்லாந்து. சர் ஜான் சின்க்ளேர்னு ஒருத்தர் ஒவ்வொரு பாரிஷ் (ஒரு சர்ச்சுக்குக் கீழ வர்ற ஊர்ப் பகுதி) பாதிரியாருக்கும் 160க்கு மேல கேள்வி அனுப்பி, வந்த பதிலெல்லாம் 1791லேர்ந்து 1799 வரைக்கும் 21 தொகுதியா போட்டாரு. அதே மாதிரி ரெண்டாவது ஒண்ணு 1834லேர்ந்து 1845 வரைக்கும் வந்துச்சு. ஒரே ஊரோட ரெண்டு அறிக்கையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க, கூலி, சாப்பாடு, பள்ளிக்கூடம், குடி, எவ்வளவு பேர் ஊர விட்டுப் போனாங்கன்னு நாப்பது அம்பது வருஷ மாத்தம் கண்ணுக்குத் தெரியும். ஆனா எழுதுனது பாதிரியார்ங்கிறத மறக்கக் கூடாது, அவருக்குச் சம்பளம் குடுத்தது அந்த ஊரு நிலச்சொந்தக்காரங்க. நிலத்த விட்டுத் துரத்துனத பத்தி அவர் எழுதாம விட்டது எதுன்னும் தேடணும்.

நேஷனல் லைப்ரரி ஆஃப் ஸ்காட்லாந்தோட மேப் சைட்டுல பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனோட அரசு நில அளவைத் துறை) வரைபடம் எல்லாம் ஃப்ரீ. சூனியக்காரின்னு குற்றம் சாட்டப்பட்டவங்கள பத்தி எடின்பரோ பல்கலைக்கழகம் 2003ல முடிச்ச டேட்டாபேஸ்ல 3,837 பேர் இருக்காங்க, அதுவும் ஃப்ரீ. குரல் கேக்கணும்னா டோபர் அன் டுவால்கஸ்னு ஒரு சைட்டு, 1951ல ஆரம்பிச்ச ஸ்கூல் ஆஃப் ஸ்காட்டிஷ் ஸ்டடீஸ் ஆளுங்க ஊர் ஊரா போய் ரெக்கார்ட் பண்ண பாட்டு, கதை, பேட்டி எல்லாம் அங்க கேக்கலாம், கேலிக், ஸ்காட்ஸ்ங்கிற அந்த ஊர் மொழிங்கள்லயும் இங்கிலீஷ்லயும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கிர்க் செஷன் பதிவேடு. ஒவ்வொரு பாரிஷ்லயும் பாதிரியாரும் மூப்பர்களும் உக்காந்து ஊர் ஒழுக்கத்தையும் ஏழைங்களுக்கு உதவியையும் பாத்த சபை அது, நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரின்னு வச்சுக்கோங்க. ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்னு அரசோட பழைய பதிவேட்டு சைட்டுல அக்கவுன்ட் ஓப்பன் பண்ணா நிறைய பதிவேட்ட பாக்க காசு கிடையாது, டவுன்லோட் பண்ணத்தான் காசு. ஒரு பக்கத்தத் திறந்தா முதல்ல செடரன்ட்னு போட்டு யார் யார் உக்காந்தாங்கன்னு இருக்கும். அப்புறம் ஒரு வேலைக்காரப் பொண்ணு கம்பியர்ட், அதாவது ஆஜர் ஆனா, கல்யாணம் ஆகாம கர்ப்பமா இருக்கா, அப்பா யாருன்னு கேக்குறாங்க, அவ பக்கத்துப் பண்ணைல வேலை பாத்தவன் பேர சொல்றா, அவன் இப்ப வேற பாரிஷ்ல இருக்கான், அந்த பாரிஷுக்குக் கடிதம் போகுது. தண்டனை பெரும்பாலும் மூணு ஞாயித்துக்கிழமை சர்ச்ல எல்லாரும் பாக்க நின்னு கண்டிப்பு வாங்கறது, கூடவே அபராதம், அந்தக் காசு ஏழைங்க பெட்டிக்குப் போகும். ஒரே பக்கத்துல பெண்ணோட நிலைமை, பண்ணை வேலை, ஊர் விட்டு ஊர் போற பழக்கம், ஏழைங்களுக்கான நிதின்னு நாலு ஆய்வுக் கேள்வி கிடைச்சிருச்சு.

படி 3: படிக்கப் பழகணும், இத தாண்டிப் போயிடாதீங்க

1700க்கு முந்தின கையெழுத்து முதல் நாள் பாத்தா ஒண்ணுமே புரியாது. செக்ரட்டரி ஹேண்ட்னு சொல்ற அந்த எழுத்துக்கு நேஷனல் ரெக்கார்ட்ஸ் ஆஃப் ஸ்காட்லாந்து ஆன்லைன்ல பயிற்சிப் பாடமே போட்டிருக்கு, தினம் ஒரு பத்து வரி எழுதிப் பழகுங்க. வார்த்தைக்கு டிக்‌ஷனரீஸ் ஆஃப் த ஸ்காட்ஸ் லாங்குவேஜ், ஃப்ரீதான்.

புதுசா வர்றவங்கள சுத்தி விடுற மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு தேதி: ஸ்காட்லாந்து 1600லயே புது வருஷத்த ஜனவரி 1க்கு மாத்திருச்சு, இங்கிலாந்து 1752ல தான் மாத்துச்சு, அதனால ரெண்டு நாட்டு ஆவணத்தையும் சேர்த்துப் படிக்கும்போது ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிக்கு வருஷம் பாத்து எழுதணும். ரெண்டாவது காசு: 1603க்கு அப்புறம் 12 ஸ்காட்ஸ் பவுண்டுக்கு ஒரு ஸ்டெர்லிங் (இங்கிலாந்து) பவுண்ட், இத கவனிக்காம கூலிக் கணக்குப் போட்டா ஆய்வே ஆட்டம் கண்டிரும். மூணாவது பேரு: கல்யாணம் ஆனாலும் பெண்கள் பிறந்த வீட்டுப் பேர்லயே பல ஆவணத்துல வருவாங்க, குடும்பத்த தேடும்போது இது பெரிய வரம்.

படி 4: கருத்தரங்கும் கூட்டமும் எங்க நடக்குது

இப்பதான் வெளிய வரணும். எக்கனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி சொசைட்டி ஆஃப் ஸ்காட்லாந்து, இந்தத் துறைக்கு இதுதான் வீடு, ஜர்னல் ஆஃப் ஸ்காட்டிஷ் ஹிஸ்டாரிகல் ஸ்டடீஸ் இவங்க இதழ்தான். ஸ்காட்டிஷ் ரெக்கார்ட்ஸ் அசோசியேஷன் ஆவணங்கள பத்தியே கருத்தரங்கு நடத்தும், ஆர்க்கைவ் ஆளுங்கள நேர்ல பாக்கணும்னா அங்க போங்க. தொழிலாளர் வரலாறுன்னா ஸ்காட்டிஷ் லேபர் ஹிஸ்டரி சொசைட்டி, 1961லேர்ந்து இருக்கு. பெண்கள் வரலாறுன்னா விமன்ஸ் ஹிஸ்டரி ஸ்காட்லாந்து, கூடவே 1991ல தொடங்குன கிளாஸ்கோ விமன்ஸ் லைப்ரரி. வாய்மொழி வரலாறுக்கு ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்துல 1995லேர்ந்து இருக்குற ஸ்காட்டிஷ் ஓரல் ஹிஸ்டரி சென்டர், பேட்டி எடுக்கறது எப்படின்னு அவங்க பயிற்சியும் குடுத்திருக்காங்க.

பட்டம் இல்லாதவங்க, பல்கலைக்கழகத்துல இல்லாதவங்க ஸ்காட்டிஷ் லோக்கல் ஹிஸ்டரி ஃபோரம்ல ஆரம்பிங்க. இத நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா அங்க வர்றவங்கள்ல நிறைய பேர் சொந்த ஊரப் பத்தியே வருஷக்கணக்கா தேடுனவங்க, நீங்க ஒரு தெரு பேரச் சொன்னா எந்த ஆவணத்துல இருக்கும்னு பட்டுன்னு சொல்லிருவாங்க.

எடின்பரோ, கிளாஸ்கோ மாதிரி பல்கலைக்கழகங்க நடத்துற செமினார் தொடருங்க கோவிட்டுக்கு அப்புறம் ஆன்லைன்லயும் நடக்க ஆரம்பிச்சுது, ராத்திரி நம்ம நேரத்துக்கு வரும், ஆனா கேள்வி கேக்கறதுக்கு அத விட நல்ல இடம் கிடையாது. முதல் ரெண்டு மூணு தடவை சும்மா கேளுங்க, அடுத்த தடவை ஆவணத்த பத்தி ஒரு கேள்வி கேளுங்க.

படி 5: அப்ஸ்ட்ராக்ட் (கட்டுரைச் சுருக்கம்) எழுதறது

கால் ஃபார் பேப்பர்ஸ், அதாவது கருத்தரங்குல கட்டுரை படிக்க அழைப்பு வந்தா வழக்கமா 200லேர்ந்து 300 வார்த்தைக்குள்ள கேப்பாங்க, பேசறது 20 நிமிஷம். அந்த 250 வார்த்தைல முக்கால்வாசி பேர் ஸ்காட்லாந்து தொழிற்புரட்சி எவ்வளவு முக்கியம்னு எழுதியே முடிச்சிடறாங்க. அது கேக்க வர்றவங்களுக்கு ஏற்கனவே தெரியும். முதல் வாக்கியத்துலயே ஊரும் வருஷமும் ஆவணமும் வந்துடணும். "1881 சென்சஸ்ல லோக்கியோட ஒரு தெருவுல இருந்த ஐரிஷ் பெண்கள் தலைமையிலான வீடுகளை இந்தக் கட்டுரை பாக்குது, அங்க தங்குனவங்க சொந்தக்காரங்களா வாடகைக்கு இருந்தவங்களான்னு கேக்குது", இவ்வளவு நேரா. அடுத்து இதுவரைக்கும் மத்தவங்க என்ன சொன்னாங்க, நீங்க எங்க மாறுபடறீங்க, கடைசில என்ன கிடைச்சிருக்கு. இன்னும் முழுசா கிடைக்கலைன்னா கிடைச்ச வரைக்கும் எழுதுங்க, அதுக்காக யாரும் தள்ளி விட மாட்டாங்க.

ஆய்வு மாணவர்களுக்குன்னே தனி அமர்வு வைக்கிற கருத்தரங்கு இருக்கு, பிரிட்டன் அளவுல எக்கனாமிக் ஹிஸ்டரி சொசைட்டி வருஷாந்திர மாநாட்டுல அப்படி வைப்பாங்க. முதல் தடவை பேசறவங்க அத தேடிப் போங்க.

படி 6: பணம்

சின்னதுலேர்ந்து பெருசுக்குப் போங்க. கருத்தரங்கு கட்டணம், ரயில் டிக்கெட், ஆர்க்கைவ் பாக்க சில நாள் தங்கற செலவு இதுக்கெல்லாம் சொசைட்டிங்க குடுக்கற பர்சரி, அதாவது சின்ன உதவித்தொகை, இதுதான் முதல் படிக்கட்டு. மேல சொன்ன எக்கனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி சொசைட்டி, ஸ்காட்டிஷ் ஹிஸ்டாரிகல் ரிவ்யூ டிரஸ்ட், ஸ்ட்ராத்மார்ட்டின் டிரஸ்ட் இவங்க பக்கத்த எல்லாம் பாருங்க. பிஎச்டிக்கு ஸ்காட்டிஷ் கிராஜுவேட் ஸ்கூல் ஃபார் ஆர்ட்ஸ் அண்ட் ஹியுமானிட்டீஸ், அப்புறம் ஆண்ட்ரூ கார்னெகி 1901ல வச்ச கார்னெகி டிரஸ்ட், ஆனா கார்னெகி ஸ்காலர்ஷிப் ஸ்காட்லாந்து பல்கலைக்கழகத்துல முதல் வகுப்புப் பட்டம் வாங்குனவங்களுக்குத்தான். பிஎச்டி முடிச்சவங்க எடின்பரோல 1969லேர்ந்து இருக்குற இன்ஸ்டிடியூட் ஃபார் அட்வான்ஸ்ட் ஸ்டடீஸ் இன் த ஹியுமானிட்டீஸ் ஃபெலோஷிப்பப் பாக்கலாம். இந்தியாலேர்ந்து குறுகிய காலம் போய் ஆவணம் பாக்கணும்னா சார்ல்ஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட், முழுப் படிப்புக்கு காமன்வெல்த் ஸ்காலர்ஷிப், இது இலங்கைக்காரங்களுக்கும் உண்டு.

வீட்டுலேர்ந்தே படிக்கணும்னா ஹைலாண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ் பல்கலைக்கழகத்தோட வரலாற்று மையம் டார்னாக்ல இருக்கு, ஆன்லைன் முதுகலை நடத்தறாங்க. வேலைல இருக்கவங்களுக்கு இது நல்லா ஒத்து வரும்.

படி 7: ஆர்க்கைவுக்குப் போகும்போது

எடின்பரோ பிரின்சஸ் ஸ்ட்ரீட் கடைசில ராபர்ட் ஆடம் வடிவமைச்ச ஜெனரல் ரெஜிஸ்டர் ஹவுஸ், அங்கதான் நேஷனல் ரெக்கார்ட்ஸ் இருக்கு. ரீடர் டிக்கெட்டுக்கு காசு இல்ல, ஐடியும் முகவரி சான்றும் எடுத்துட்டுப் போங்க, சீட் முன்னாடியே புக் பண்ணுங்க, பேனா உள்ள விட மாட்டாங்க, பென்சில்தான். போறதுக்கு முன்னாடியே கேட்டலாக்ல நம்பர் எடுத்து வச்சிருங்க: கிர்க் செஷன்னா சிஎச்2, வழக்குக்கு முன்னாடி சாட்சிங்ககிட்ட எடுத்த வாக்குமூலம்னா ஏடி14, ஏடி15. இந்த வாக்குமூலத்த ப்ரீகாக்னிஷன்னு சொல்வாங்க, எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரங்க என்ன பாத்தாங்க, எத்தனை மணிக்கு எந்திரிச்சாங்க, எங்க தூங்குனாங்கன்னு வரிசையா வரும்.

கிளாஸ்கோ போனீங்கன்னா மிட்செல் லைப்ரரில சிட்டி ஆர்க்கைவ்ஸ். அங்க ஏழைங்க உதவி கேட்டுக் குடுத்த விண்ணப்பங்க லட்சக்கணக்குல இருக்கு. 1845 சட்டப்படி உடம்பு நல்லா இருந்து வேலை இல்லாதவங்களுக்கு ஸ்காட்லாந்துல உதவி கேக்க உரிமையே கிடையாது, அதனால இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து உடம்புல என்ன கோளாறு, பிறந்த ஊரு எது, மதம் என்ன, பிள்ளைங்க எத்தனை, புருஷன் எங்கன்னு எல்லாத்தையும் எழுதிட்டுப் போவாரு. ஒரு குடும்பத்துக்கு இத விட முழுசான ஆவணம் வேற எங்கயும் கிடைக்காது.

தமிழ் தெரிஞ்சவங்களுக்குன்னு ஒரு தனி வாய்ப்பும் இருக்கு, அத விட்டுடாதீங்க. கின்கார்டின்ஷயர்ல பிறந்த ஜேம்ஸ் டெய்லர்தான் 1867ல இலங்கைல லூல்கந்துரா தோட்டத்துல தேயிலை போட்டவரு, அவர் ஊருக்கு எழுதுன கடிதங்க நேஷனல் லைப்ரரி ஆஃப் ஸ்காட்லாந்துல இருக்கு. தோட்டத்துல வேலை பாத்தது தமிழ்நாட்டுலேர்ந்து போனவங்க. ஸ்காட்லாந்து மிஷன் ஆவணங்களும் அதே லைப்ரரில இருக்கு. கங்காணிக் கணக்கும் மலையகப் பாட்டும் தெரிஞ்ச ஒருத்தர் அந்தக் கடிதங்களப் படிச்சா, தமிழ் தெரியாத ஆய்வாளர் பிடிக்க முடியாத விஷயத்தப் பிடிப்பாங்க.

போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஆர்க்கைவிஸ்ட்டுக்கு ஒரு மெயில் போட்டுருங்க, நாலு வரி போதும்: எந்த ஊரு, எந்த வருஷம், எந்த நம்பர் ஏற்கனவே பாத்தாச்சு, வேற என்ன பாக்கலாம்.