லாக் கேபின் சதுரங்களை அடுக்குவது: கண்காட்சியில் எதைப் பார்ப்பது, வீட்டில் எப்படி வைப்பது

குயில்ட் என்பது துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வை. அதில் லாக் கேபின் சதுரம் என்றால், நடுவில் ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றிப் பட்டைகள்; மூலைவிட்டத்துக்கு ஒரு பக்கம் வெளிர், மறுபக்கம் அடர். குயில்ட் கண்காட்சிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று தையலைப் பார்க்கிறார்கள். தையலை அப்புறம் பார்க்கலாம். முதலில் பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எது வெளிர், எது அடர் என்பது மட்டும்தான் தெரியும். அடுக்கின விதம் அதில் பிடிபட்டுவிடும். படம் எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு, முழுப் போர்வையை ஒன்று, நாலு சதுரம் சந்திக்கிற மூலையை ஒன்று எடுத்தால் போதும்.

2019-ல் இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது சென்னையில். கோத்தகிரிக்காரர்கள் அதற்கெல்லாம் மலை இறங்கத்தான் வேண்டும். ஆனால் ஊட்டியிலேயே தோடர்கள் பூவேலை போட்டுப் போர்த்திக்கொள்ளும் புத்துக்குளியைப் பார்க்கலாம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. வெள்ளைத் துணியில் இழை எண்ணிப் போட்ட சிவப்பு, கறுப்புப் பட்டைகள். மற்ற இடமெல்லாம் வெறும் வெள்ளை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வெற்றிடத்தைத்தான். பூவை அப்படியே நகல் எடுப்பது அவர்கள் பிழைப்பில் கைவைப்பது.

சரி, வேலைக்கு வருவோம். லாக் கேபின் சதுரம் தைக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இணைப்பதற்கு முன் ஒவ்வொன்றும் 12½ இஞ்சு. பக்கத்துக்குக் கால் இஞ்சு தையலில் போனால் 12. குறுக்கே 4, நெடுக்கே 6 என்று 24 சதுரம் வேண்டும். சுற்றிலும் 6 இஞ்சுக் கரை வைத்தால் 60க்கு 84. ஒற்றைக் கட்டிலுக்குச் சரியாக இருக்கும்.

1. மெத்தென்று ரோமம் எழும்பின ஃபிளானல் துணியைத் திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிடுங்கள். பருத்தித் துண்டுகள் ஊசி இல்லாமலே அதில் ஒட்டிக்கொள்ளும். விலை கொடுத்து டிசைன் போர்டு வாங்குவது தண்டம். சுவரோடு சேர்த்து அடிக்கவும் வேண்டாம், ஆடி மழையில் ஓதம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும்.

2. சதுரங்களைத் திருப்பித் திருப்பி வையுங்கள். குறுக்கேயும் நெடுக்கேயும் ஒன்று விட்டு ஒன்றைத் தலைகீழாக வைத்தால் சரிவில் போட்ட கேரட் பாத்தி மாதிரி சாய்ந்த பட்டைகள் வரும். இது ஸ்ட்ரெய்ட் ஃபர்ரோ. நடு நாலிலும் வெளிர்ப் பக்கம் மையத்தைப் பார்க்க வைத்து, சுற்றி ஓர் அடர் வளையம், அடுத்து வெளிர் வளையம் என்று கொண்டுபோனால் வைரமாக விரியும். இது பார்ன் ரைசிங். எனக்குப் பிடித்தது முன்னதுதான். கலர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அது தாங்கும்.

3. போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நேரில் சண்டை போடுகிற சிவப்பும் பச்சையும் அதில் பல சமயம் ஒரே சாம்பலாகத் தெரியும். தனியாகத் துருத்துகிற சதுரத்தை மட்டும் இடம் மாற்றினால் போதும். டியூப்லைட் வேண்டாம். மூட்டம் போட்ட காலையில் ஜன்னலோரம் வரும் வெளிச்சத்தில் நிழலே விழாது, கலர் கலராகவே தெரியும்.

4. இனிதான் ஆபத்தான இடம்: சுவரிலிருந்து மிஷினுக்குப் போகிற நாலடி தூரம். லாக் கேபின் சதுரம் கையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சரியாகத்தான் தெரியும். அதனால் கழற்றுவதற்கு முன்பே முதல் வரிசைக்கு அ1, அ2, அடுத்ததற்கு ஆ1, ஆ2 என்று துண்டுச் சீட்டு எழுதி, ஒவ்வொரு சதுரத்திலும் இடது மேல் மூலையில் மட்டும் குண்டூசியால் குத்துங்கள். சீட்டு இருக்கிற மூலை எங்கே என்று பார்த்தால் வரிசையும் தெரியும், திசையும் தெரியும். ஒரு நேரத்தில் ஒரே வரிசையைக் கழற்றுங்கள். தைத்ததும் திரும்ப ஃபிளானலில் மாட்டி, போனில் இருக்கிற படத்தோடு ஒப்பிட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போங்கள். வரிசைகளை ஒன்றோடொன்று இணைத்து முடிக்கும்வரை சீட்டை எடுக்காதீர்கள்.

5. அ வரிசையின் தையல்களை இடப்பக்கமும், ஆ வரிசையை வலப்பக்கமும் மடித்து அயர்ன் செய்யுங்கள். இணைக்கும்போது தடிப்புகள் எதிரெதிராக உட்கார்ந்து மூலைகள் விலகாமல் நிற்கும்.

பிறகு சேர்த்தது: சதுரங்களைச் சாய்த்து, மூலை மேலே வருகிற மாதிரி வைக்கலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாக வைக்கலாம்; ஓரத்தில் முக்கோணங்கள் தேவைப்படும், அவ்வளவுதான். 12 இஞ்சுச் சதுரத்துக்கு, பக்க முக்கோணங்களுக்காக 18¼ இஞ்சுச் சதுரத்தை இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்டி நாலாக்குங்கள். மூலைகளுக்கு 9⅜ இஞ்சுச் சதுரத்தை ஒரே மூலைவிட்டத்தில் இரண்டாக்குங்கள். இதை மாற்றிச் செய்தால் துணியை மூலைவாட்டில் வெட்டின, இழுத்தால் நீளும் பக்கம் வெளி ஓரத்துக்கு வந்து, கரை வைக்கும்போது இழுபட்டு அலை அலையாக நிற்கும்.