புது ஆயில் சீல் போட்டும் ஃபோர்க் ஒழுகுகிறதா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ஆர்எக்ஸ் 100, பழைய ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளில் முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு ஷாக் குழாய்கள்) ஒழுகுவது சகஜம். உள்ளே இருக்கும் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையமான சீலை மாற்றுவார்கள். ஒரு மாதம் போவதற்குள் பைப்பில் மறுபடியும் எண்ணெய்ப் பிசுக்கு. உடனே 'டூப்ளிகேட் சீல்' என்று ஸ்பேர்ஸ் கடைக்காரர் தலையில் பழி விழும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பெரும்பாலும் சீலைக் கிழிப்பது அதற்குள் ஏறி இறங்கும் ஃபோர்க் பைப்தான்.

குரோம் பூச்சில் துரு அரித்து, ஊசிமுனை அளவுக்குக் குழி விழுந்திருக்கும். கடலோர ஊர்களில் வெளியே நிற்கும் வண்டிக்கு இது சீக்கிரமே வரும். பைப்பைத் துடைத்துவிட்டு நகத்தை மேலிருந்து கீழே மெதுவாக இழுத்துப் பாருங்கள், சொரசொரப்பு தட்டும். பஞ்சால் தேய்த்தாலும் நார் அங்கேயே சிக்கும். வண்டி குலுங்கும்போது சீல் ஏறி இறங்கும் பகுதிதான் முக்கியம். அதற்கு மேலே, பைப்பைப் பிடித்திருக்கும் கிளாம்புக்குப் பக்கத்தில் உள்ள துரு அசிங்கமே தவிர ஆபத்தில்லை.

கல் பட்டுச் சிறு பிசிறு மட்டும் தூக்கியிருந்தால், 1500 நம்பர் வாட்டர் பேப்பரில் எண்ணெய் தொட்டு அந்த இடத்தை மட்டும் தடவி எடுக்கலாம். பைப் முழுவதையும் பளபளவென்று தேய்க்கக் கூடாது. மிச்சமிருக்கும் குரோமும் போய்விடும். ஆழமான குழி என்றால் ஹார்ட் குரோம் (கெட்டியான குரோம் முலாம்) போட வேண்டும், இல்லையேல் புது பைப். செலவுதான். ஆனால் குழி விழுந்த பைப்பில் புது சீல் போடுவது காசைக் கரியாக்குவது. பைப்பைக் கழற்றியதும் கண்ணாடிப் பலகையில் உருட்டி, வளைவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பைப் சுத்தமாக இருந்தும் ஒழுகுகிறதா? கழற்ற அவசரப்பட வேண்டாம். சீலின் உதட்டில் மண் சிக்கியிருக்கலாம். அதற்கு மேலே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலைத் தூக்கிவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் மெல்லிய பட்டை ஒன்று நறுக்கி, முனையில் சிறு கொக்கி வெட்டி, பைப்புக்கும் சீலுக்கும் நடுவே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி இழுங்கள். கறுப்பு மண் வெளியே வரும். சில வண்டிகளில் ஒழுகல் அதோடு நின்றுவிடும்.

கழற்றுவதில் பலர் மாட்டிக்கொள்வது அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டில். ஃபோர்க்கை வெளியே எடுத்து, ஸ்பிரிங்கையும் உருவிய பிறகு அதைத் திருகினால், உள்ளே அந்த போல்ட் பிடித்திருக்கும் டேம்பர் ராடும் சேர்ந்தே சுற்றும். ஸ்பிரிங் அழுத்தம் இருக்கும்போதே, ஃபோர்க் வண்டியில் இருக்கையிலேயே, அதை ஒரு இழுப்பு இளக்கி வையுங்கள். மேல் போல்ட்டுக்கும் அப்படித்தான்: முதலில் கிளாம்ப் போல்ட், பிறகு மேல் போல்ட். அதை முழுவதும் கழற்றும்போது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தள்ளி வையுங்கள், ஸ்பிரிங் எகிறும்.

பழைய சீலை நெம்புவதற்கு முன் அதை மேலிருந்து பிடித்திருக்கும் கம்பி வளைய லாக்கை எடுங்கள். துருவில் மறைந்துகொண்டு அது கண்ணுக்கே தெரியாது. லாக்கோடு ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் பாட்டம் கேஸின் (சீல் உட்காரும் கீழ்ப்பகுதி) அலுமினியம் விளிம்பு உடையும், உள்சுவர் கீறும். அந்தக் கீறல் வழியாகப் புது சீலின் வெளிப்பக்கத்தில் ஆயில் கசியும், காரணமே பிடிபடாது. பாட்டம் கேஸின் வாயில் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கி, ஸ்க்ரூ டிரைவருக்கு அடியில் மரத்துண்டு கொடுத்தால் சீல் சுலபமாக எழும்பும்.

புது சீலில் உதட்டைச் சுற்றியுள்ள சிறு வளைய ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்துக் கீழே, எழுத்து இருக்கும் பக்கம் மேலே. பைப்பின் மேல் விளிம்பு கூர்மையானது. பாலித்தீன் கவர் சுற்றி எண்ணெய் தடவித்தான் சீலை அதன் வழியே இறக்க வேண்டும். அப்புறம் பழைய சீலை மேலே வைத்து, அளவான பிவிசி குழாயால் நேராகத் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு ஓரமாகத் தட்டினால் சீல் சாய்ந்து உட்காரும். அடி போல்ட்டின் காப்பர் வாஷரையும் மாற்றிவிடுங்கள். பழையதையே போட்டுவிட்டு, கீழே சொட்டுவதற்கும் சீலைத் திட்டுவார்கள்.

ஆயிலில் 'கண் மட்டம்' வேண்டாம். மேனுவலில் சொன்ன கிரேடு, சொன்ன அளவு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. குழந்தைக்குப் பால் கொடுக்கும் பாட்டிலில் மில்லி கோடு இருக்கும், அதுவே போதும். கூடுதலாக ஊற்றினால் சஸ்பென்ஷன் நன்றாகும் என்பது தவறு. மேலே காற்றுக்கு இடம் குறைந்து, பள்ளத்தில் இறங்கும்போது அழுத்தம் ஏறி, புது சீலையே தள்ளிவிடும். ஒரு பக்கம் மட்டும் ஒழுகினாலும் இரண்டு சீலையும் மாற்றுவதே நல்லது.

டிரம் பிரேக் வண்டி என்றால் சக்கரம் மாட்டும்போது கூடுதல் கவனம் வேண்டும். பிரேக் பிளேட்டில் உள்ள பள்ளம் பாட்டம் கேஸில் நீட்டியிருக்கும் முளையில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். உட்காராவிட்டால் பிரேக் பிடித்ததும் பிளேட்டே சக்கரத்தோடு சுற்றி, சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆக்சில் நட்டை முழுவதும் முறுக்குவதற்கு முன் சக்கரத்தைத் தரையில் வைத்து, ஹேண்டில் பாரைச் சில முறை அழுத்தி விடுங்கள். ஃபோர்க்கின் இரண்டு கால்களும் நேராகிக்கொள்ளும். ஒழுகிய ஆயில் பிரேக் ஷூவிலோ பேடிலோ இறங்கியிருந்தால் பெட்ரோலில் கழுவி மறுபடியும் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.