மறுமணத்துக்குப் பிறகு இரண்டு வீட்டுப் பிள்ளைகளை ஒரே வீட்டில் வளர்ப்பது எப்படி

“இனிமேல் இவன்தான் உனக்கு அண்ணன், அவன் உனக்குத் தம்பி” என்று என் மகளிடம் சொன்னபோது அவளுக்கு 9 வயது. சரி என்று தலையாட்டினாள். அப்புறம் இரண்டு மாதம், மற்றவர்களுடைய பிரஷ்கள் இருக்கும் குவளையில் தன் பிரஷ்ஷை அவள் வைக்கவே இல்லை. பல் துலக்கியதும் ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் சுருட்டி, பள்ளிப் பையின் முன்பக்க ஜிப்புக்குள் போட்டுக்கொள்வாள். பூஞ்சை பிடிக்கும் என்று நானும் திட்டிக்கொண்டிருந்தேன். எந்த நேரமும் கிளம்பத் தயாராக ஒரு பிள்ளை வீட்டுக்குள் இருக்கிறாள் என்பது என் மண்டையில் ஏற வெகுநாள் ஆனது.

நான் விவாகரத்தானவள். எனக்கு ஒரே மகள். என் கணவரின் முதல் மனைவி நோயில் இறந்துபோனார். அவருக்கு இரண்டு மகன்கள், அப்போது பெரியவனுக்கு 12, சின்னவனுக்கு 6. எங்களுக்குத் திருமணமாகி ஆறு வருஷம் ஆகிறது. இதே நிலையில் காலெடுத்து வைக்கப் போகிறவர்களும், வைத்துவிட்டுத் திணறுகிறவர்களும் நிறையப் பேர். அறிவுரை சொல்ல வருகிறவர்களோ “பாசம் காட்டு, எல்லாம் சரியாகிவிடும்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாசம் வேண்டும்தான். ஆனால் பிள்ளைகள் ஒன்றுசேர வேண்டுமானால், முதலில் அவர்களைக் கொஞ்சம் தனித்தனியாக இருக்க விட வேண்டும். நான் கீழே சொல்வதெல்லாம் ஏறக்குறைய அதிலிருந்து வருவதுதான்.

அவசரத்தை விடுங்கள்

இப்படிப்பட்ட குடும்பங்களோடு பல காலம் வேலை செய்த அமெரிக்க உளவியலாளர் பட்ரீசியா பேப்பர்நவ், ஒரு மறுமணக் குடும்பம் ஒரு நிலைக்கு வர, நன்றாகச் சமாளிக்கிறவர்களுக்கே நாலு வருஷம் போல ஆகும், பலருக்கு ஏழு வருஷமும் ஆகும் என்கிறார். இதைப் படித்த அன்று எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. எட்டாவது மாதத்திலேயே நாங்கள் தோற்றுவிட்டோம் என்று நினைத்து, குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுதவள் நான்.

பிள்ளைகளின் வயதும் முக்கியம். சின்னக் குழந்தைகள் சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள், 10 முதல் 14 வயது வரைதான் மிகவும் சிரமம். ஏற்கெனவே வீட்டை விட்டு மெல்ல விலகத் தொடங்குகிற வயது அது, அந்த நேரத்தில் போய் “வா, புதுக் குடும்பத்தோடு ஒட்டிக்கொள்” என்றால் எப்படி ஒட்டும்? எங்கள் பெரியவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததெல்லாம் என் மேல் உள்ள வெறுப்பு என்று நினைத்தேன். பாதிக்கு மேல் அவன் வயதுதான் காரணம்.

சேர்ந்து குடிபோவதற்கு முன்

செய்தியை அவரவர் பிள்ளைக்கு அவரவரே, தனியாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். எல்லாரையும் ஒன்றாகக் கூட்டி அறிவித்தால், முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அந்தக் குழந்தை தவிக்கும். “உனக்குச் சந்தோஷமா?” என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு என்று அதற்குத் தெரியும். அதற்குப் பதில் விவரம் கொடுங்கள்: எந்த அறையில் தூங்கப் போகிறாய், பள்ளி மாறுமா மாறாதா, சாயங்காலம் யார் அழைத்துவர வருவார்கள், அப்பாவைப் பார்க்கும் நாட்கள் அப்படியே இருக்குமா. மாறாதவற்றைத் தனியாக, அழுத்திச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் சந்திக்கும் முதல் சில தடவைகள் ஒரு மணி நேரத்துக்குள் முடியட்டும். எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட, பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஏதாவது செய்வது நல்லது. பந்து, புதிர்ப் படம், ஒரு அலமாரியின் பாகங்களைப் பொருத்துவது, எதுவானாலும் சரி. கண்கள் வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும்.

முடிந்தால் யாருடைய பழைய வீடும் இல்லாத மூன்றாவது வீடாகப் பாருங்கள். எல்லாராலும் முடியாது என்று தெரியும். அப்படியென்றால் புதிதாக வருகிற பிள்ளைக்கு அது வந்து சேரும் முன்பே ஒரு அலமாரித் தட்டு, ஒரு கொக்கி, பூட்டு உள்ள ஒரு இழுப்பறை ஒதுக்கி வையுங்கள். “நீ வந்ததும் பார்த்துக்கலாம்” என்றால் அது விருந்தாளிதான்.

நாங்கள் மூன்றாவது வீட்டுக்குத்தான் போனோம், அங்கே ஒரு தப்பு நடந்தது. பையன்களின் அம்மாவுடைய போட்டோ ஒரு அட்டைப்பெட்டியிலேயே கிடந்துவிட்டது. வேண்டுமென்றே இல்லை, மற்ற எல்லாவற்றையும் பிரித்து அடுக்கிய எங்களுக்கு அந்தப் பெட்டிக்கு மட்டும் கை வரவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது வாரம் பெரியவன் தானே சுத்தியலை எடுத்துவந்து ஆணி அடித்தான். ஆணி வளைந்தது, சுவர்ப் பூச்சு உதிர்ந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன், இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறந்துபோன அம்மாவோ அப்பாவோ இருந்தால், குடிபோகும் முதல் நாளே அந்தப் படத்துக்கு ஒரு இடம் கொடுங்கள், எந்த இடம் என்று பிள்ளைகளையே கேளுங்கள்.

என்ன சொல்லி அழைப்பது

கட்டாயப்படுத்தவே கூடாத ஒன்று இது. சின்னவன் ஒரே மாதத்தில் என்னை “அம்மா” என்றான். அன்று ராத்திரி அண்ணன் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். அடித்தது தப்புதான், ஆனால் பெரியவனுக்கு அந்த ஒரு சொல்லில் அவன் அம்மா இன்னொரு முறை போய்விட்டாள். அவனோ ஒரு வருஷம் முழுக்க என்னை எதுவுமே சொல்லி அழைக்கவில்லை. “இங்க பாருங்க”, “அப்பா கேட்டாங்க” என்றே ஓட்டினான். நானும் விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு நாள் போனில் நண்பனிடம் “சித்தி வந்துட்டாங்க, வைக்கிறேன்” என்றது காதில் விழுந்தது. அப்போதும் நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிள்ளைகளுக்குள்ளும் அப்படித்தான். அண்ணன், தம்பி என்ற முறையை நாம் அறிவிக்க வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். வெளியாட்களிடம் அறிமுகம் செய்யும்போது எப்படிச் சொல்வது என்று மட்டும் ஒவ்வொரு பிள்ளையிடமும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. ஓரவஞ்சனை என்றாலே “மாற்றாந்தாய் மனப்பான்மை” என்று சொல்லியும் எழுதியும் பழகிவிட்டோம். அந்தச் சொல்லைப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். உங்கள் வீட்டில் அது புழங்கினால் நிறுத்துங்கள், உறவினர் சொன்னால் அங்கேயே தடுங்கள்.

கண்டிப்பது யார்

முதல் ஒன்றிரண்டு வருஷம், பெற்றவர்தான் கண்டிக்க வேண்டும். புதிதாக வந்தவர் வீட்டு விதியை நினைவுபடுத்தலாம், “அப்பா ஒன்பது மணிக்குத் தூங்கச் சொன்னார்” என்கிற அளவுக்கு. அதற்கு மேல் போனால் “நீங்க யாரு எனக்குச் சொல்ல?” என்ற கேள்வி வரும், அதற்கு நம்மிடம் பதில் இருக்காது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மேவிஸ் ஹெதரிங்டன், ஏறக்குறைய 1,400 குடும்பங்களைப் பார்த்தவர், சிலவற்றை முப்பது வருஷம்வரை பின்தொடர்ந்தவர். அவரும் இதையேதான் சொன்னார்: வந்த உடனே அதிகாரத்தைக் கையில் எடுக்காமல், பெற்றவருடைய கண்டிப்புக்குத் துணை நின்று, முதலில் பிள்ளையோடு பழகியவர்களுக்குத்தான் பின்னால் சொல் எடுபட்டது.

இதில் கணவன் மனைவிக்குள்தான் முதல் சண்டை வரும். ஒருவர் பிள்ளையை மற்றவர் குறை சொன்னால் உடனே உள்ளே எரியும். நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு: பிள்ளைகள் முன் எதிர்ப்பேச்சு கிடையாது, ராத்திரி பேசுவோம், பேசும்போது “உன் மகன்”, “உன் மகள்” என்று ஆரம்பிக்கக் கூடாது, பெயர் சொல்லித்தான் பேச வேண்டும். பாதி நாள் மீறினோம். இருந்தும் அந்த ஏற்பாடு எங்களைக் காப்பாற்றியது.

தனி நேரம், பிறகுதான் கூட்டு நேரம்

இந்தப் பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள், மற்றதை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தன்னைப் பெற்றவர் தன் கையை விட்டுப் போய்விட்டார் என்ற பயம் இருக்கிற வரை, எந்தக் குழந்தையும் பக்கத்தில் இருக்கும் புதுக் குழந்தையை நேசிக்காது. அது வரிசையில் முந்த வந்த ஆள்தான். என் மகள் ஒற்றைப் பிள்ளையாகத் தூங்கி நடுப்பிள்ளையாக எழுந்தவள். தினம் இருபது நிமிஷம், அவள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, பழைய மாதிரி நாங்கள் இருவர் மட்டும் என்று வைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. என் கணவரும் பையன்களோடு ஞாயிறு காலையில் என்னை விட்டுவிட்டுப் போவார். ஆரம்பத்தில் “எல்லாரும் சேர்ந்து போனால்தானே குடும்பம்” என்று எனக்கு மனசு குறுகுறுத்தது. போகட்டும் என்று விடுங்கள்.

எப்படியோ மூன்றாவது மாதத்தில் அவள் பிரஷ் குவளைக்கு வந்தது. யாரும் சொல்லவில்லை.

சண்டை

யார் ஆரம்பித்தது என்று நீதிபதியாக உட்காராதீர்கள். கூடப் பிறந்தவர்கள் சண்டையில் தீர்ப்புச் சொன்னால் ஒருவன் முணுமுணுப்பான், அவ்வளவுதான். இங்கே தீர்ப்புச் சொன்னால் “உங்க பிள்ளைக்குத்தான் பேசுவீங்க” என்ற கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி ஏறிவிடும். பொருளைப் பற்றிய சண்டையானால், பொருளை எடுத்து வைத்துவிட்டு இருவரும் ஒரு முடிவோடு வரச் சொல்லுங்கள். எது பொது, எது தனிச்சொத்து என்பதை முன்பே பிரித்துவிட்டால் பாதிச் சண்டை வராது. பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்தது எல்லாம் தனிச்சொத்து. இந்த வீட்டுக்கு என்று வாங்கியது பொது.

அறையைப் பகிர்வதில் கறாராக இருங்கள். முடிந்தவரை ஆணையும் பெண்ணையும் ஒரே அறையில் போடாதீர்கள். உடை மாற்றும் இடம், கதவைத் தட்டிவிட்டு நுழைவது, குளியலறைத் தாழ்ப்பாள், எல்லாவற்றையும் முதல் நாளே வெளிப்படையாகப் பேசுங்கள். பெரிய பிள்ளை சின்னதைத் தொடர்ந்து பயமுறுத்துவது, காயப்படுத்துவது, வேண்டாத விதத்தில் தொடுவது என்று தெரிந்தால் அது சண்டைக் கணக்கில் வராது. அன்றே பிரித்து வைத்துவிட்டு, குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் போங்கள். நீங்கள் கண்ணெதிரே எதையும் பார்க்காவிட்டாலும், பிள்ளை வந்து சொன்னால் நம்புங்கள்.

அந்த இன்னொரு வீடு

என் மகள் அவள் அப்பா வீட்டுக்குப் போய்வருகிறாள். திரும்பி வந்த ராத்திரி சிடுசிடுப்பாக இருப்பாள், அடுத்த நாள் சரியாகிவிடும். வந்ததும் கேள்வி கேட்காதீர்கள், அந்த வீட்டுச் செய்தியைக் கறக்காதீர்கள், அவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தையும் வேண்டாம். “உனக்கு இவரையும் பிடிக்கலாம், அப்பாவையும் பிடிக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்கு இதை யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

புதுக் குழந்தை பெற நினைத்தால் இரண்டு மூன்று வருஷம் தள்ளிப்போட முடியுமா பாருங்கள். “இந்தக் குழந்தையால் எல்லாரும் ஒன்றாகிவிடுவார்கள்” என்று அதன் தலையில் அந்த வேலையைக் கட்டாதீர்கள்.

கடைசியாகக் காகிதங்கள். மறுமணம் செய்துகொண்டதாலேயே துணைவரின் பிள்ளை மீது சட்ட உரிமை தானாக வந்துவிடுவதில்லை, பல நாடுகளில் இப்படித்தான். மருத்துவமனையில் கையெழுத்துப் போடுவது, பள்ளியிலிருந்து அழைத்துவருவது, கடவுச்சீட்டு, உயில், இவற்றில் யார் பெயர் எங்கே வேண்டும் என்று ஒரு வழக்கறிஞரிடம் முதல் மாதமே கேட்டுவிடுங்கள். சின்னவன் கை முறிந்து நான் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று, அவன் அப்பா வந்து கையெழுத்துப் போடும்வரை வராந்தாவில் காத்திருந்தோம். என் மடியில் அவன் கால்கள், என் மகளின் தோளில் அவன் தலை.