போர்வெல் லைனில் எந்த இடத்துக்கு எந்த வால்வு?

கடையில் போய் "ஒன்னேகால் இஞ்ச் வால்வு ஒண்ணு குடுங்க" என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் கைக்கு எட்டியதைத்தான் எடுத்துக் கொடுப்பார். சைஸ் அப்புறம். முதலில் அந்த இடத்தில் வால்வுக்கு என்ன வேலை என்று முடிவு பண்ணுங்கள். முழுசாகத் திறந்து மூடவா, ஓட்டத்தைக் குறைத்து வைக்கவா, தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கவா, டேங்க் நிரம்பியதும் தானாக மூடவா? இந்த நான்கு வேலைக்கும் ஒரே வால்வு கிடையாது.

போர்வெல்லில் சப்மெர்சிபிள் மோட்டார், மொட்டை மாடியில் டேங்க், கீழே சம்ப்: இப்படி ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். பைப் அறுப்பதும் பேஸ்ட் தடவி ஒட்டுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. திறந்து மூடும் இடங்கள்

2 இஞ்ச் வரை என் ஓட்டு பால் வால்வுக்குத்தான். கைப்பிடி கால் சுற்று திரும்பினால் போதும். பைப்போடு நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பித்தளை உடம்பு, ஸ்டெயின்லெஸ் கைப்பிடி, ஃபுல் போர் (உள்துளை பைப் அளவுக்கே இருப்பது) என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்தவற்றில் உள்துளை பைப்பை விடச் சின்னதாக இருக்கும். வாங்கும்முன் கண்ணை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேட் வால்வும் இதே வேலையைச் செய்யும். ஆனால் உப்புத் தண்ணீர் ஊர்களில் மாதக்கணக்கில் தொடாமல் விட்டால் இறுகிப்போகும். ரிஞ்ச் போட்டுத் திருகினால் உள்ளே இருக்கும் தகடு தண்டிலிருந்து கழன்றுவிடும். அப்புறம் சக்கரம் சுற்றும், தண்ணீர் வராது. கேட் வால்வு ஏற்கெனவே இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுசாக மூடித் திறங்கள். திறந்து முடித்ததும் அரைச் சுற்று பின்னால் விட்டு வையுங்கள்.

2. ஓட்டத்தைக் குறைக்கும் இடம்

ஊற்று குறைவான போர்களில் மோட்டார் வறண்டு ஓடாமலிருக்க டெலிவரியை (மோட்டாரிலிருந்து மேலே வரும் லைனை) கொஞ்சம் அடைத்து வைப்பார்கள். அதற்கு குளோப் வால்வு. கேட் வால்வைப் பாதி மூடி வைத்தால் தகடு அதிர்ந்து அதிர்ந்து தேயும். பால் வால்வைப் பாதியில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் டெஃப்ளான் சீட் (உருண்டையை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) ஒரு பக்கமாக அரிக்கும். பிறகு இரண்டுமே முழுசாக மூடாது.

குளோப் வால்வில் அம்புக்குறி பார்த்து மாட்டுங்கள். டேங்கிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் லைனில் மட்டும் இதைப் போடாதீர்கள். 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சுமார் 1 பார் அழுத்தம். ஒரு மாடி உயரத்தில் கிடைப்பது 0.3 பார் அளவுதான். அதிலும் ஒரு பங்கை குளோப் வால்வே தின்றுவிடும்.

3. என்ஆர்வி: இங்கேதான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள்

என்ஆர்வி என்பது தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு. அது இல்லாவிட்டால், மோட்டாரை நிறுத்தியதும் பைப்பில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கி இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தை) எதிர்ப்பக்கம் சுற்றவைக்கும். கரண்ட் போய் உடனே வந்து, ஆட்டோ ஸ்டார்ட்டரும் இருந்தால், பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் முன்னால் இழுக்கப்படும். ஷாஃப்ட் போவது இப்படித்தான்.

தரை மட்டத்தில் மாட்டும் வரிசை: போர் மூடி, யூனியன் (பைப்பை அறுக்காமல் கழற்றி மாட்டும் இணைப்பு), என்ஆர்வி, பால் வால்வு. இதை மாற்றாதீர்கள். பால் வால்வை மூடினால் மேலே இருக்கும் தண்ணீரை இறக்காமலே என்ஆர்வியைக் கழற்றலாம்.

எல்போ முடிந்த உடனே என்ஆர்வி வைத்தால் தண்ணீர் சுழன்று வந்து உள்ளே திறந்து மூடும் மடலைப் படபடவென்று அடிக்கும். பைப் அளவைப்போல் ஐந்து மடங்காவது நேர் பைப் விடுங்கள். ஒன்னேகால் இஞ்ச் என்றால் ஆறேகால் இஞ்ச். மடல் வகையைப் படுக்கையாக வைத்தால் வால்வின் மூடி மேல்பக்கம் பார்க்க வேண்டும். செங்குத்தாக வைத்தால் தண்ணீர் மேல்நோக்கி ஏறும் பைப்பில் மட்டும். ஸ்பிரிங் வகையை எப்படியும் வைக்கலாம். தண்ணீர் திரும்புவதற்கு முன்பே அது மூடிக்கொள்வதால் அடியும் குறைவு. மோட்டார் லைனுக்கு நான் சொல்வது ஸ்பிரிங் வகை.

மரையில் டெஃப்ளான் டேப்பை, பைப் முனையை உங்களைப் பார்த்துப் பிடித்து, கடிகாரச் சுற்றில் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் முடுக்கும்போதே பிரிந்து வரும். பித்தளை ஆண் மரையை வெறும் பிளாஸ்டிக் எஃப்டிஏவில் (உள்மரை அடாப்டரில்) ஏற்றவே கூடாது. அன்றைக்கு ஒழுகாது, கொஞ்ச நாளில் வெடிப்பு விடும். பிளாஸ்டிக் எம்டிஏவை (வெளிமரை அடாப்டரை) பித்தளைக்குள் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் உள்ளே பித்தளை வைத்த எஃப்டிஏ வாங்குங்கள்.

4. சம்ப்புக்கு ஃப்ளோட் வால்வு

மிதவை உயர்ந்ததும் தானாக மூடும் வால்வு இது. குழாய்த் தண்ணீர் வந்து விழும் இடத்தில் இது போதும். ஓவர்ஃப்ளோ துளைக்கு இரண்டு இஞ்ச் கீழேயே மூடும்படி மிதவையைத் தாங்கும் கம்பியை வளைத்து வையுங்கள். சொட்டிக்கொண்டே இருந்தால் வாஷரில் மணல் சிக்கியிருக்கும்.

மோட்டார் ஏற்றும் மாடி டேங்கில் ஃப்ளோட் வால்வு மட்டும் வேண்டவே வேண்டாம். அது மூடினாலும் மோட்டார் நிற்காது. போக வழியில்லாத தண்ணீரை முட்டிக்கொண்டே சூடேறும். அங்கே வேண்டியது மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச்.

5. டேங்க் வெளிவாய்

பால் வால்வு, அதற்கு அடுத்து வென்ட் பைப். டேங்கின் நீர்மட்டத்துக்கு மேலே வரை அது ஏற வேண்டும். வால்வுக்கு முன்னால் வைத்தால், வால்வை மூடி லைனை இறக்கும்போது காற்று உள்ளே புக வழியில்லை. பிறகு திறந்தாலும் காற்று அடைத்துக்கொண்டு குழாய் துப்பும்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் அதிகம் கேட்டது ஒன்றுதான்: "புது என்ஆர்வி போட்டேன், மோட்டார் போட்டதும் டம்மென்று அடிக்கிறது."

பழுது பெரும்பாலும் மேலே இல்லை. சப்மெர்சிபிள் தலையில் இருக்கும் கீழ் என்ஆர்வி கசிகிறது. தரை மட்டத்தில் இருக்கும் மேல் என்ஆர்வி இறுக மூடியிருக்க, அதற்குக் கீழே தண்ணீர் இறங்கி வெற்றிடம் ஆகிறது. காற்றழுத்தம் தாங்குவது சுமார் 10 மீட்டர் நீரைத்தான். உங்கள் நீர்மட்டம் அதைவிட ஆழமென்றால் மீதி நீளம் காலி. மோட்டார் ஓடியதும் தடுக்கக் காற்றுகூட இல்லாமல் தண்ணீர் பாய்ந்து வந்து மடலில் மோதுகிறது.

சோதித்துப் பாருங்கள். மோட்டாரை நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். டேங்கில் சட்டென்று தண்ணீர் விழுந்தால் கீழ் என்ஆர்வி நலம். சில நொடி அமைதி, பிறகு ஓர் அடி, அப்புறம் தண்ணீர் என்றால் அது கசிகிறது. மேலே எத்தனை மாற்றினாலும் பலனில்லை. அடுத்தமுறை மோட்டாரைப் போரிலிருந்து வெளியே ஏற்றும்போது கீழே இருப்பதை மாற்றச் சொல்லுங்கள்.