எல்லையோர மருத்துவ வழக்குகளை ஆராய்வோருக்கு

தமிழக-கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் செல்வோர் ஏராளம் என்பதால், மருத்துவக் கவனக்குறைவு குறித்து இங்கே ஆய்வு செய்யும் மாணவர்கள் ஒரே மாநிலத்தின் தரவோடு நின்றுவிடக் கூடாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க வழிசெய்கிறது. ஆகவே, திருவனந்தபுரத்தில் நடந்த அறுவை சிகிச்சை பற்றிய புகார் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பதிவாகியிருக்கலாம். தீர்ப்பின் தொடக்கத்தில் இரு தரப்பினரின் முகவரிகளும் இருக்கும். நோயாளியின் ஊரையும் மருத்துவமனையின் ஊரையும் தனித்தனியே குறித்துக்கொண்டால்தான் எல்லை தாண்டிய வழக்குகள் கண்ணுக்குத் தெரியும். ஆணையத்தின் பெயரை மட்டும் வைத்து எண்ணினால் கணக்கு நிச்சயம் தவறும்.

ஒழுங்கு நடவடிக்கை என்பது வேறு. அது மருத்துவர் பதிவு செய்துள்ள மாநில மருத்துவக் கவுன்சிலின் பொறுப்பு என்பதால், கேரளத்தில் மட்டும் பதிவு பெற்றவரைப் பற்றிச் சென்னையில் தேடிப் பயனில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, மருத்துவர்கள் தொடர்பான இழப்பீடுகளையும் ஒழுங்கு நடவடிக்கைகளையும் பதிவு செய்யும் அமெரிக்காவின் தேசிய மருத்துவர் தரவு வங்கி 1990 செப்டம்பர் முதலான பதிவுகளைப் பெயர்களை நீக்கிப் பொதுப் பயன்பாட்டுக் கோப்பாக வெளியிடுகிறது. அதில் இழப்பீடு வழங்கப்பட்டதாக இருக்கும் பதிவைக் குற்றம் நிரூபணமானதாக எழுதிவிடாதீர்கள். வழக்கை நீட்டிக்காமல் முடித்துக்கொள்ளவும் பணம் கொடுப்பதுண்டு.