அன்றாட வாழ்வு மங்காவின் முடிவை வாசிப்பது எப்படி

அன்றாட வாழ்வை மட்டுமே சொல்லும் மங்காக்களை, அதாவது ஜப்பானியப் படக்கதைகளை, ஜப்பானியர் ‘நிச்சிஜோ-கெய்’ என்பார்கள். அப்படியொரு படக்கதையை முதன்முதலாக முழுவதும் படித்து முடிப்பவருக்குக் கடைசித் தொகுதி பெரும்பாலும் ஏமாற்றமாகவே இருக்கும். வெல்வதற்கு எதிரி இல்லை, அவிழ்வதற்கு முடிச்சும் இல்லை. யாரோ தெருவில் நடந்து போகிறார்கள், பக்கங்கள் தீர்ந்துவிடுகின்றன. எனக்கும் அப்படித்தான் இருந்தது. பல தொடர்களைத் திரும்பப் படித்த பிறகே, நான் தேடியது சம்பவங்களின் முடிவை என்பதும், இக்கதைகள் முடித்துவைப்பது ஒரு காலத்தை என்பதும் புரிந்தது. அந்தக் காலத்தை எப்படிக் கவனிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சில தொடர்களின் முடிவுகளைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. முடிவு தெரியாமல் படிக்க விரும்புபவர்கள் அவற்றைப் படித்துவிட்டு வருவது நல்லது.

முதல் தொகுதியைப் படிக்கும்போதே அந்தக் கதையின் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். பெரும்பொழுது மாறுகிறதா, மாறினால் குழந்தைகளுக்கு வயது ஏறுகிறதா என்ற இரண்டு கேள்விகள் போதும். மச்சிகோ ஹசெகாவா 1946 முதல் 1974 வரை நாளிதழில் வரைந்த ‘சஸாஏ-சான்’ நான்கு கட்டப் படக்கதையில் பருவங்கள் வந்து போகும், ஆனால் நாயகி சஸாஏயின் பள்ளிக்குப் போகும் தம்பியும் தங்கையும் பள்ளிப் பிள்ளைகளாகவே இருப்பார்கள். அங்கே கடிகாரம் ஒரே ஆண்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அப்படிப்பட்ட கதை நிற்கத்தான் செய்யும், முடிவடையாது. அதில் முடிவைத் தேடுவது வீண்.

கியோஹிகோ அஸுமாவின் ‘அஸுமாங்கா தைஓ’ இதற்கு நேர்மாறானது. 1999இல் தொடங்கி 2002இல் முடிந்த அந்தத் தொடர் நான்கே தொகுதிகள்தான். கதையில் வரும் மாணவிகளின் மூன்று உயர்நிலைப் பள்ளி ஆண்டுகளும், இதழில் தொடர் வெளிவந்த மூன்று ஆண்டுகளும் ஏறக்குறைய சேர்ந்தே ஓடின. அத்தியாயங்களுக்கு மாதங்களின் பெயரே தலைப்பு. ஜப்பானில் பள்ளியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால், மூன்றாவது மார்ச் வரும்போது கதை முடியும் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. எப்போது முடியும் என்பது இப்படித் தெரிந்துவிட்ட கதைகளில், திரும்பத் திரும்ப வரும் சிறிய விஷயங்களைக் குறித்துக்கொண்டே போவதுதான் நல்ல வாசிப்பு. சகாகி என்ற உயரமான, அதிகம் பேசாத பெண்ணுக்குப் பூனை என்றால் உயிர். தெருவில் ஒரு சாம்பல்நிறப் பூனையைத் தடவக் கை நீட்டும்போதெல்லாம் அது கடித்துவிடும். நான்கு கட்டங்களில் முடியும் நகைச்சுவையாக இது மாதக்கணக்கில் வருகிறது. மூன்றாம் ஆண்டுப் பள்ளிச் சுற்றுலாவில், இரியொமோதே தீவில், ஒரு காட்டுப் பூனைக்குட்டி அவளிடம் தானாகவே வருகிறது. பிறகு அவள் ஊருக்கே வந்து, கடிக்க வரும் பூனைகளுக்கு முன் அவளுக்காக நிற்கிறது. பட்டமளிப்பு விழாவை விட இதுதான் அந்தக் கதையின் முடிவு என்று நான் நம்புகிறேன். கடித்த ஒவ்வொரு முறையையும் நினைவில் வைத்திருப்பவருக்கு மட்டுமே அது முடிவாகத் தெரியும். ஆகவே ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டு, மூன்றாவது முறை வரும் எதையும் அதில் எழுதி வையுங்கள்.

கடிகாரத்தை நடுவில் மாற்றும் கதைகளும் உண்டு. யுமி உனிதாவின் ‘உசாகி டிராப்’ அப்படிப்பட்டது. தாத்தாவின் சாவுக்குப் போன முப்பது வயது தைகிச்சி, ரின் என்ற ஆறு வயதுச் சிறுமியைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து வளர்க்கிறார். பல் விழுவது, காய்ச்சல், பள்ளிச் சேர்க்கை என்று முதல் நான்கு தொகுதிகள் நாள் நாளாக நகர்கின்றன. ஐந்தாம் தொகுதி பத்து ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறது; இறுதியில் அந்த வளர்ப்பு உறவே திருமண உறவாகிறது. வாசகர்கள் பலர் கோபப்பட்டார்கள், நானும்தான். அந்த உறவு மாற்றத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் கோபத்தின் காரணத்தைத் துல்லியமாகச் சொல்லிப் பார்ப்பது நல்ல பயிற்சி: ஒவ்வொரு நாளையும் நம் கண்முன் வாழ்ந்து காட்டி நம்பிக்கை பெற்ற கதை, மிகப் பெரிய மாற்றம் நிகழ வேண்டிய பத்து ஆண்டுகளை நமக்குக் காட்டாமல் விட்டுவிட்டது. பிடிக்காத முடிவு வரும்போது, எந்த நாட்கள் காட்டப்படவில்லை என்று கேளுங்கள்.

இப்படிக் காலம் தாவுவதை வேறு விதமாகக் கையாண்டவர் ஹிதோஷி அஷினானோ. அவருடைய ‘யொகோஹாமா கைதாஷி கிகோ’ 1994 முதல் 2006 வரை ‘ஆஃப்டர்நூன்’ மாத இதழில் வந்து 14 தொகுதிகளானது. கடல் ஏறி நகரங்கள் மூழ்கிய பிறகு, மியுரா தீபகற்பத்தில் ஒரு சிறிய காபிக் கடையை நடத்தும் அல்ஃபா என்ற ரோபோதான் நாயகி. முதலாளி எங்கோ போய்விட்டார், வாடிக்கையாளர்கள் அரிது. தொடக்கத்தில் அவள் ஸ்கூட்டரில் யொகோஹாமாவுக்குக் காபிக்கொட்டை வாங்கப் போகிறாள், தலைப்பே அந்தக் கொள்முதல் பயணத்தைத்தான் சொல்கிறது. அந்திப்பொழுதில் நீருக்கடியில் தெருவிளக்குகள் எரியும் ஒரு காட்சியில் வசனமே வேண்டியிருக்காது. அந்தப் பக்கத்தில் நின்று, விளக்குகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வேகமாகப் புரட்டுபவருக்கு இந்தத் தொடரில் எதுவுமே கிடைக்காது.

இங்கே இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. அல்ஃபாவுக்கு வயதாவதில்லை. அருகில் வசிக்கும் சிறுவன் தகாஹிரோ வளர்கிறான், வேலைக்காக ஊரை விட்டுப் போகிறான். தகாஹிரோ மீது உரிமை கொண்டாடி அல்ஃபாவை முறைத்துக்கொண்டிருந்த சிறுமி மக்கி, பின்னாளில் அவனையே மணந்துகொள்கிறாள். தொடக்கத் தொகுதிகளில் மெல்ல நடக்கும் காலம், கடைசித் தொகுதிகளில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆண்டுகளாகத் தாவுகிறது, ஆனாலும் அல்ஃபா அதே முகத்தோடு காபி போட்டுக்கொண்டிருக்கிறாள். முதல் வாசிப்பில் கடைசி மூன்று தொகுதிகளை ஒரே இரவில் முடித்துவிட்டு ஏமாந்தவன் நான். அடுத்த முறை நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டேன். மக்கியின் குழந்தை அல்ஃபாவின் முன் வந்து நின்ற அன்று, அந்தக் குழந்தையின் அம்மாவைச் சிறுமியாக நான் பார்த்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. அந்தக் கட்டத்தைத் தாண்ட எனக்கு நேரம் பிடித்தது. நீங்களும் கடைசித் தொகுதிகளுக்கு மட்டுமாவது இந்த வேகக் கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: சில தொடர்கள் அவற்றை வெளியிடும் இதழ் எடுக்கும் முடிவால் நிறுத்தப்படுகின்றன. கடைசி அத்தியாயம் திடீரென்று அவசரப்பட்டால் அதை ஆசிரியரின் தேர்வு என்று உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். இதழில் வந்த அத்தியாயங்கள் தனித்தொகுதியாகும்போது கூடுதல் பக்கங்கள் சேர்க்கப்படுவதும் வழக்கம், அதையும் பார்த்துவிட வேண்டும்.

பழகிப் பார்க்க விரும்புபவருக்கு, இன்னும் முடியாத ஒரு தொடரைச் சொல்வேன். அதே அஸுமா 2003இல் தொடங்கிய ‘யொட்சுபா’. ஐந்து வயதுச் சிறுமி கோடை விடுமுறைக்கு முந்தைய நாள் புதிய வீட்டுக்கு வருகிறாள். வாசகர்களுக்கு இருபது ஆண்டுகள் ஓடியிருக்க, அவளுக்குச் சில மாதங்களே கடந்திருக்கின்றன. அவளுக்கு வயதே ஏறாது என்றுகூட நினைக்கத் தோன்றும். 2021இல் வந்த 15ஆம் தொகுதியின் இறுதியில், தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் மாட்டும் தோல் பையை, ரந்தோசேருவை, அவள் முதுகில் மாட்டிக்கொள்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவின் கண்கள் கலங்குகின்றன. அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. முதல் தொகுதியிலிருந்து அந்தப் பக்கம் வரை, எந்த மாதம், என்ன உடை, வெளியே என்ன பருவம் என்று குறித்துக்கொண்டே படித்து வாருங்கள்.